நீலம் அழியாத வால்வு

கலியபெருமாளின் மண்டையைப் பிளந்தது அவருடைய சொந்த பைப் ரிஞ்ச். பிரெஞ்சுப் பட்டாளத்தில் சொல்தாவாக, அதாவது சிப்பாயாக இருந்த அவருடைய அப்பா கப்பலில் கொண்டுவந்த, இரண்டடி நீளச் சாமான். முதல் அடி பின்மண்டையில் விழுந்திருந்தது. அவர் தரையில் சாய்ந்த பிறகு இன்னும் மூன்று. அந்த மூன்றும் செத்த உடம்பின் மேல் விழுந்தவை என்று பிணத்தை அறுத்த டாக்டர் எழுதியிருந்தார்.

முத்தியால்பேட்டையில் இருந்த அந்த வால்வுப் பட்டறையின் சிமெண்டுத் தரையைக் கொளஞ்சி பார்த்தான். ரத்தத்தின் மேல் யாரோ மரத்தூளைக் கொட்டியிருந்தார்கள். தூள் ஊறிக் கறுத்துக் கட்டி கட்டியாகக் கிடந்தது.

"மேடம், வர்ற வழியில நாலு இட்லிக்கு மேல ரெண்டு வடை சாப்ட்டது தப்புன்னு இப்பதான் தெரியுது."

"வாய மூடிக்கினா வடை வெளிய வராது" என்றார் சுலோசனா, திரும்பிப் பார்க்காமல்.

சுலோசனாவுக்கு ஐம்பத்திரண்டு வயது. வெடித்த பாய்லரையும் எரிந்த குடோனையும் அளந்து பார்த்து இன்சூரன்ஸ் கம்பெனிக்கு அறிக்கை எழுதும் வேலையில் பதினாறு வருஷம் இருந்தவர். நாலு வருஷத்துக்கு முன்னால் அதை உதறிவிட்டு, உப்பளம் பகுதியில் ஒரு மாடி அறையைப் பிடித்துத் துப்பறியும் ஆபீஸ் போட்டார். கொளஞ்சி அதுவரை மீன் லோடு வேன் ஓட்டிக்கொண்டிருந்தவன். இப்போது டிரைவர், பியூன், மெய்க்காப்பாளன் மூன்றும் அவன்தான். வாய் மட்டும் சம்பளத்தில் சேராதது.

இந்த விவகாரத்தில் முதலில் செத்தவன் ஆகாஷ். வைத்திக்குப்பத்துப் பையன், இருபத்திநாலு வயது. கடலுக்குப் போகப் பிடிக்காமல், சேதராப்பட்டு பக்கம் ஒரு சோப்பு ஃபேக்டரியில் கான்ட்ராக்ட் கூலியாகச் சேர்ந்தான். அங்கே தோலை அரிக்கும் காஸ்டிக் சோடா கொதிக்கும் தொட்டிகள் இரண்டு. இரண்டின் அடியிலிருந்தும் பம்ப் வழியாகக் காஸ்டிக் ஒரே பெரிய குழாயில் போய்ச் சேரும். ஒரு தொட்டியைக் காலி செய்து ஆள் உள்ளே இறங்கித் தேய்க்கும்போது, பக்கத்துத் தொட்டியின் பம்ப் தள்ளும் காஸ்டிக் அவன் மேல் திரும்பி வரக்கூடாது. அதைத் தடுப்பது குழாயில் இருக்கும் செக் வால்வு. உள்ளே கதவு போல ஒரு இரும்புத் தட்டு தொங்கும். முன்னால் போகிறதற்குத் திறக்கும். திரும்பி வந்தால் அறைந்து மூடிக்கொள்ளும்.

அன்று மூடவில்லை. ஆகாஷ் ஒன்றாம் நம்பர் தொட்டிக்குள் நின்றிருந்தான். கொதிக்கும் காஸ்டிக் அவன் இடுப்புவரை ஏறியது. ஏணியின் மூன்றாவது படியில் அவனுடைய உள்ளங்கைத் தோல் ஒட்டிக்கொண்டிருந்ததாம். ஆஸ்பத்திரியில் மூன்று நாள் உயிரோடு இருந்தான்.

வால்வைக் கழற்றிப் பார்த்தார்கள். உள்ளே தட்டே இல்லை. பன்னிரண்டு நாளுக்கு முன்னால்தான், பழையதுக்குப் பதிலாக மாட்ட, கலியபெருமாள் பட்டறையில் ரிப்பேராகி வந்த ஸ்பேர் வால்வு அது. தட்டின் நட்டை அவர் சரியாக முடுக்கவில்லை, கழன்று போய்விட்டது என்று ஃபேக்டரி முடிவு கட்டி, அந்த இடத்தில் வேறொரு வால்வை மாட்டி வேலையைத் தொடர்ந்தது. மெயின்டனன்ஸ் இன்ஜினியர் விமல்ராஜ் முந்தாநாள் செவ்வாய்க்கிழமை மத்தியானம் அந்த வால்வை ஜீப்பில் கொண்டுவந்து, தெருவே பார்க்க, கலியபெருமாளின் காலடியில் உருட்டிவிட்டுப் போனான்.

மூன்று மணிக்கு ஆகாஷின் அண்ணன் முத்து வந்தான். கத்தினான். கதவை உதைத்தான். பிறகு போய்விட்டான். நாலரை மணிக்குக் கலியபெருமாள் பிணமாகக் கிடந்தார். வால்வைக் காணோம். ராத்திரிக்குள் முத்துவைப் பிடித்து லாக்கப்பில் போட்டார்கள்.

முத்துவின் மனைவி அஞ்சலாட்சி மறுநாள் காலை உப்பளத்து மாடிப்படி ஏறி வந்தாள். மீன் விற்கிறவள். உட்காரச் சொன்னபோது உட்காரவில்லை.

"என் வூட்டுக்காரு அடிக்கத்தான் போனாரு. இல்லன்னு சொல்ல மாட்டேன்" என்றாள். "ஆனா அந்தப் பெரியவரு அழுதுட்டாராம். உன் தம்பி என் வேலையால சாவலடா, காலையில வா, நானே உன்ன ஸ்டேஷனுக்கு இட்டுகினு போறேன்னு சொன்னாராம். அப்பறம் எதுக்கு இவரு அவர அடிக்கணும்? சொன்னா போலீஸு சிரிக்குது."

சுலோசனா சிரிக்கவில்லை. அந்த ஒரு பேச்சை வைத்துத்தான் கேஸை எடுத்தார்.

இப்போது வியாழக்கிழமை, காலை பதினொன்றரை. பட்டறையைத் திறந்துவிட்டவன் பிரேம்குமார். பதினோரு வருஷமாகக் கலியபெருமாளிடம் ஃபிட்டர். வால்வைப் பட்டறையில் சரிபண்ணுவது பெரியவர், ஃபேக்டரிக்குப் போய்க் குழாயில் மாட்டிவிட்டு வருவது இவன். பிணத்தை முதலில் பார்த்ததும் இவன்தான். அழுது அழுது கண் வீங்கியிருந்தது.

"டீ குடிக்கப் போயிருந்தேன் மேடம். அரை மணி நேரம். வந்து பாத்தா இப்டி."

சுலோசனா வேலை நோட்டைப் புரட்டினார். "ஒவ்வொரு வால்வுலயும் நம்பர் குத்துவாரா?"

"ஆமா. பாடியிலயே குத்திடுவாரு. சோப்பு ஃபேக்டரிது முன்னூத்திப் பதினெட்டு."

"முன்னூத்திப் பத்தொம்பதும் அவங்களுதுன்னு போட்டிருக்கே."

"ரெண்டு தொட்டிக்கும் ரெண்டு. ஒரே நாள்ல ரெண்டையும் நான்தான் மாட்டுனேன். ரெண்டாவது நல்லாதான் ஓடுது."

கொளஞ்சி மேஜையில் சாய்ந்திருந்தான். நிமிர்ந்தபோது அவனுடைய வெள்ளைச் சட்டையில் முழங்கைவரை நீலம் அப்பியிருந்தது. ஒரு சின்ன டப்பா திறந்து கிடந்திருக்கிறது. துடைத்தான். இன்னும் பரவியது.

"மேடம், நான் கட்சி மாறிட்டேன் போல."

பிரேம்குமார் ஒரு துணியை மண்ணெண்ணெயில் நனைத்துக் கொடுத்தான். "தண்ணி போட்டா போவாதுண்ணே. எண்ணெய் மசி. தட்டு ஒக்கார்ற சீட்டுல பெரியவரு இதத் தடவி, தட்ட மூடிப் பாப்பாரு. வட்டம் வுடாம வுழுந்தா வால்வு டைட்டு. நடுவுல எங்கனா அறுந்தா லீக்கு." அதற்கு மேல் ஏதோ சொல்ல வந்தவன் நிறுத்திக்கொண்டான். டப்பாவை மூடிவைத்தான்.

"அந்த வால்வு என்ன கனம் இருக்கும்?" என்றார் சுலோசனா.

"முப்பது கிலோ வரும். முத்து எடுத்துகினு போய் கடல்ல போட்டுட்டான்னு சொல்றாங்க."

சுலோசனா வாசலுக்கு வந்து தெருவின் இரண்டு பக்கமும் பார்த்தார். எதிரே தையல்கடை. பக்கத்தில் மாவு மில். அதற்கடுத்து டியூஷன் சென்டர்.

"கொளஞ்சி, ரத்தம் தெறிச்ச சட்டையோட, முப்பது கிலோ இரும்பத் தோள்ல வச்சிகினு, நாலு மணிக்கு இந்தத் தெருவுல நீ நடந்தா?"

"பத்து பேரு வீடியோ எடுப்பாங்க. ரெண்டு பேரு என்னா வெலன்னு கேப்பாங்க."

"ஆனா ஒருத்தரும் பாக்கல. அப்ப கொன்னவன் அதத் தூக்கினு போவல. இரும்பு தூக்கினா யாரும் திரும்பிப் பாக்காத ஆளு ஒருத்தர் தூக்கினு போயிருக்காங்க." பிரேம்குமாரிடம் திரும்பினார். "பழைய இரும்பு யாரு எடுக்கறாங்க?"

"மணியம்மா. செவ்வாக்கிழமைல வண்டி வரும். மூட்டை கட்டி வாசல்ல வச்சிடுவோம்."

"நீங்களும் வாங்க. வால்வ அடையாளம் காட்ட ஆளு வேணும்."

வேனில் போகும்போது கொளஞ்சி தன் கட்சியைப் பேசினான். "என்னக் கேட்டா அந்த விமல்ராஜுதான் மேடம். நேத்து கேட்டுல ரெண்டு கேள்வி கேட்டோம். காலரப் புடிச்சி சுவத்துல அறைஞ்சான். செக்யூரிட்டி முதுகுல லத்தியால போட்டான். தப்பு செய்யாதவன் அவ்ளோ அடிக்க மாட்டான்."

"நீ கேட்டது என்னா கேள்வின்னு ஞாபகம் இருக்கா? பையனக் கொன்ன கையால எப்டி சார் சோறு திங்கறீங்கன்னு."

"கேள்விதான மேடம்."

"அந்தாளு கோவக்காரரு" என்றான் பிரேம்குமார், பின்னாலிருந்து.

மணியம்மாளின் காயலான் கடை தகரக் கொட்டகை ஒன்று. நாற்பத்தைந்து வயது மனுஷி, லாரி ரிம் ஒன்றின் மேல் உட்கார்ந்து, சுத்தியலால் பழைய மோட்டார்களை உடைத்துச் செம்பைப் பிரித்துக்கொண்டிருந்தார். வாசலில் லாரி நின்றது.

"கலியபெருமாள் பட்டறை மூட்டையா? அதோ கெடக்குது. இன்னும் பிரிக்கவே இல்ல. நல்ல மனுஷன், அடிச்சே கொன்னுட்டானுங்க. சாயங்காலம் லாரி ஏறிடும், வேணும்னா இப்பவே பாத்துக்குங்க."

மூட்டையைக் கொளஞ்சி சரித்தான். போல்ட், துருப்பிடித்த குழாய்த் துண்டுகள், சுருள் சுருளான இரும்புச் சீவல். எல்லாவற்றுக்கும் அடியில், கோணிக்குள் இன்னொரு கோணியில் சுற்றி, வால்வு. மேல்மூடி இல்லாமல் திறந்து கிடந்தது. பக்கவாட்டில் 318 என்று குத்தியிருந்தது. பெரியவர் சாய்ந்தபோது மண்டை அதில் பட்டிருக்க வேண்டும்; வாய் விளிம்பில் காய்ந்த ரத்தமும் நாலைந்து நரைமுடியும் ஒட்டியிருந்தன.

கொளஞ்சி ஒரு அடி பின்னால் நகர்ந்தான்.

"இதேதான் மேடம்" என்றான் பிரேம்குமார். "அந்த முத்துதான் மூட்டைல சொருவிட்டுப் போயிருக்கான். அய்யோ, பெரியவரு முடி. பாக்க முடியல. குடுங்க, கழுவித் தரேன்." சுற்றிப் பார்த்தான். மணியம்மாள் துரு கழுவ வைத்திருந்த கேனை எட்டி எடுத்தான். மூடியைத் திருகினான்.

"அது என்னா கேன்?" என்றார் சுலோசனா.

"மண்ணெண்ணெய்."

"ரத்தம் தண்ணியிலயே போவுமே பிரேம்குமார். மண்ணெண்ணெய் எதுக்கு?"

கேனை வைத்திருந்த கை அப்படியே நின்றது.

சுலோசனா குனிந்தார். வால்வுக்குள் சுண்டுவிரலை விட்டு, தட்டு உட்காரும் வட்ட விளிம்பைச் சுற்றித் தடவினார். விரலை வெளியே எடுத்துக் காட்டினார். நுனி முழுக்க நீலம்.

மணியம்மாள் எழுந்து வந்து எட்டிப் பார்த்தார். "இது புது ரிப்பேராச்சே. இத ஏன் மூட்டைல போட்டானுங்க? பெரியவரு டெஸ்ட்டு முடிஞ்சி கடைசியா நீலம் தடவி, தட்டோட வட்டத்த அப்டியே வுட்டுதான் பார்ட்டிக்குக் குடுப்பாரு. தொறந்து பாத்து நம்பிக்கோன்னு. லைன்ல மாட்டுனா அரை மணி நேரத்துல கழுவினு போயிடும். பாஞ்சி வருஷமா பழைய வால்வு உடைக்கறேன், நீலத்தோட ஒண்ணு வந்ததில்ல."

"பன்னெண்டு நாளு கொதிக்கற காஸ்டிக் ஓடுன வால்வுன்னு சொன்னீங்க" என்றார் சுலோசனா. குரல் ஏறவே இல்லை. "இதுல ஒரு சொட்டு கூட ஓடல. இது குழாயில ஏறவே இல்ல. ஆகாஷ் செத்தப்ப அங்க இருந்தது பழைய வால்வு. பெரியவரு மூடியத் தொறந்தாரு, நீலத்தப் பாத்தாரு, அவருக்கும் இது புரிஞ்சுது. மாட்டுனதா கையெழுத்துப் போட்ட ஆளு நீங்க."

கொளஞ்சிக்கு அப்போதுதான் மண்டையில் உறைத்தது. பிரேம்குமாரைப் பார்க்கத் திரும்பினான்.

திரும்பியபோதே அடி விழுந்தது. லாரியில் ஏற்றச் சாய்த்து வைத்திருந்த ஆங்கிள் இரும்பு. தலைக்கு வந்ததைக் கொளஞ்சி இடது கையால் தடுத்தான். முழங்கைக்குக் கீழே காய்ந்த விறகு முறிகிற சத்தம் கேட்டது. தன் கைதான் என்று தெரிய ஒரு நொடி ஆயிற்று. கண் இருட்டியது. முழங்காலிட்டு விழுந்தான்.

இரண்டாவது வீச்சு மணியம்மாளின் தோளில். அவர் மோட்டார்க் குவியல் மேல் போய் விழுந்தார். மூன்றாவதைப் பிரேம்குமார் சுலோசனாவின் முகத்துக்கு நேராக ஓங்கினான். அவர் பின்னால் நகர்ந்தார். ஆங்கிள் தகரச் சுவரைக் கிழித்துக்கொண்டு மாட்டிக்கொண்டது. அதை விட்டுவிட்டு இரண்டு கையாலும் அவர் கழுத்தைப் பிடித்தான். சுவரோடு வைத்து நசுக்கினான். சுலோசனாவின் கால் தரையை விட்டு எழும்பியது. கண் பிதுங்கியது. அவர் விரல்கள் அவன் முகத்தைப் பிராண்டின. கன்னத்தில் நீலக் கோடும் ரத்தக் கோடும் சேர்ந்து இறங்கின. அவன் விடவில்லை. அவன் அழுதுகொண்டிருந்தான். அழுதுகொண்டே நசுக்கினான்.

கொளஞ்சி வால்வைப் பார்த்தான். முப்பது கிலோ. ஒரு கை. யோசிக்கவில்லை. வாய் விளிம்பில் விரலைக் கொடுத்து இழுத்து, தொடையில் ஏற்றி, பிரேம்குமாரின் வலது பாதத்தின் மேல் போட்டான்.

பிரேம்குமார் போட்ட அலறலில் லாரி டிரைவர் ஓடிவந்தான். சுலோசனா சுவரோடு சரிந்து உட்கார்ந்து இருமினார். கொளஞ்சி, விழுந்து கிடந்தவனின் முதுகில் தன் முழு எடையோடு உட்கார்ந்தான். மணியம்மாள் சுத்தியலோடு தட்டுத்தடுமாறி எழுந்து வந்து அவனுடைய தலைமாட்டில் நின்றார்.

"அசைஞ்சே" என்றார் மணியம்மாள்.

சுலோசனாவுக்குக் குரல் வர நேரமாயிற்று. "ஏன்டா?"

"ரெண்டு மணி நேரந்தான் லைன நிறுத்துனாங்க மேடம்." வாயில் மண்ணும் எச்சிலுமாக அவன் சொன்னான். "போல்ட்டெல்லாம் துருவேறி ஒண்ணு கூட கழலல. அறுத்து எடுக்கணும்னா நாள் பூரா ஆவும். நேரம் குடுக்க மாட்டேன்னுட்டாங்க. சரி, அடுத்த நிறுத்தத்துல மாட்டிக்கலாம்னு பழைய வால்வுக்கே மேல பெயிண்ட் அடிச்சிட்டு கையெழுத்துப் போட்டேன். பன்னெண்டு நாள்ல இப்டி ஆவும்னு யாருக்குத் தெரியும்? அன்னிக்கி வால்வக் கழட்டச் சொல்லி என்னத்தான் கூப்ட்டாங்க. ஆளில்லாத நேரத்துல பழச அறுத்துத் தள்ளிட்டு, இதோட தட்ட எடுத்துட்டு இத அந்த எடத்துல வச்சேன். பெரியவரு காலையில ஸ்டேஷனுக்குப் போவலாம் வாடான்னாரு. கால்ல வுழுந்தேன். மாட்டேன்னு திரும்பிகினாரு."

"திரும்புனவர அடிச்சே."



சுலோசனாவின் முகம் மாறியதைக் கொளஞ்சி பார்த்தான். கழுத்தைத் தடவிக்கொண்டிருந்த கை நின்றுவிட்டது. பிரேம்குமார் பக்கம் குனிந்தார்.

"பத்தொம்பது எங்க?"

பிரேம்குமார் கண்ணை மூடிக்கொண்டான்.

"முன்னூத்திப் பத்தொம்பது. ரெண்டாம் தொட்டி வால்வு. அதுவும் மாட்டல, இல்ல? எங்க அது?"

"வூட்ல. கட்டிலுக்கடியில."

"ரெண்டாம் தொட்டிய எப்ப கழுவுவாங்க?"

"வியாழக்கிழமை" என்றான். "இன்னிக்கி சாப்பாடு முடிஞ்சி இறங்குவாங்க. ஒண்ணரைக்கு."

மணி ஒன்று பத்து.

சுலோசனா விமல்ராஜுக்குப் போன் போட்டார். அவர் தன் பேரைச் சொன்னதும் அவன் வைத்துவிட்டான். மறுபடி போட்டார். எடுக்கவில்லை. இன்ஸ்பெக்டருக்குப் போட்டு இரண்டே வரியில் சொன்னார். "மணியம்மா, போலீஸ் வர்ற வரைக்கும் இவன்" என்று ஆரம்பித்தார்.

"நீ போ தாயி" என்றார் மணியம்மாள், கொளஞ்சி எழுந்த இடத்தில் உட்கார்ந்துகொண்டு.

வேனைச் சுலோசனா ஓட்டினார். நாலு வருஷத்தில் கொளஞ்சி அவரிடம் சாவி கொடுத்ததே இல்லை. முறிந்த கையை மடியில் வைத்துக்கொண்டு, பற்களைக் கடித்துக்கொண்டு, மற்ற கையால் போனைப் பிடித்திருந்தான். அஞ்சலாட்சி அந்த நேரத்தில் எங்கே இருப்பாள் என்று இருவருக்கும் தெரியும். ஆகாஷ் செத்த நாளிலிருந்து குப்பத்துப் பெண்கள் பத்துப் பதினைந்து பேர் அந்த ஃபேக்டரி வாசலில்தான் உட்கார்ந்திருக்கிறார்கள். புருஷன் லாக்கப்பில் இருந்தும் அவள் அந்த இடத்தை விடவில்லை. முதல் மணியிலேயே எடுத்தாள்.

"அஞ்சலாட்சி, கேளு" என்றார் சுலோசனா, ஒரு பஸ்ஸை ஒட்டி ஒடித்துக்கொண்டே. "ரெண்டாம் நம்பர் தொட்டி. உள்ள ஆளுங்க இறங்கப் போறாங்க. ஆகாஷுக்கு ஆன மாதிரியே ஆவும். அந்த வால்வு மூடாது. உள்ள போ. யாரு தடுத்தாலும் நிக்காத."

அஞ்சலாட்சி ஏன், எப்படி என்று ஒரு வார்த்தை கேட்கவில்லை.

அதன் பிறகு போனில் வந்தது சத்தம் மட்டும். பெண்களின் குரல்கள். இரும்புக் கேட் ஆடி அறைகிற சத்தம். ஒரு ஆள், "ஏய், எங்க போற" என்றான். லத்தி எதன் மேலோ விழுந்தது. ஒருத்தி அலறினாள். லத்தி மறுபடி விழுந்தபோது அலறியது ஆண் குரல். ஓடுகிற காலடி. மூச்சு. இயந்திரங்களின் இரைச்சல் நெருங்கி நெருங்கிப் போனை நிரப்பியது.

"பம்பு ஓடுது மேடம்" என்றான் கொளஞ்சி.

சுலோசனா ஆக்சிலேட்டரை மிதித்தார். சாலைக் குழியில் வேன் குதித்தது. கொளஞ்சியின் கைக்குள் எலும்பு எலும்போடு உரசியது.

"ஏறுங்கடா மேல." அஞ்சலாட்சியின் குரல், கிணற்றுக்குள் கத்துவது போல எதிரொலித்தது. "ஏறுங்க. கழுவ வேணாம். ஏறுங்க."

"யாரும்மா நீ?" உள்ளேயிருந்து ஒரு குரல்.

"செத்துப்போனானே ஆகாஷு, அவன் அண்ணி. ஏறுடா."

பிறகு விமல்ராஜின் குரல். "யாரு இவள உள்ள வுட்டது? வெளிய போ. கைய எடு." பளாரென்று ஒரு அறை. யார் யாரை அறைந்தது என்று தெரியவில்லை. ஏணியின் மேல் செருப்புக் கால்கள் தடதடத்தன. யாரோ, "அண்ணே, கைய புடி, கைய புடி" என்றான். குழாய்க்குள் எதுவோ உறுமிக்கொண்டு வந்தது. அது வெடித்துக் கொட்டுகிற சத்தம். நாலைந்து பேர் ஒரே நேரத்தில் கத்தினார்கள். போன் செத்தது.

கொளஞ்சி மறுபடி போட்டான். சுவிட்ச் ஆஃப். மறுபடி போட்டான்.

"நேரா ரோட்டப் பாரு" என்றார் சுலோசனா. அவன் ஓட்டவில்லை என்பது அவருக்கு மறந்துவிட்டது போலிருந்தது.

எட்டு நிமிஷம். அவ்வளவு நேரமும் கொளஞ்சி செத்த போனைக் காதிலேயே வைத்திருந்தான்.

ஃபேக்டரி கேட் ஒரு கீலில் தொங்கிக்கொண்டிருந்தது. செக்யூரிட்டி தலையைப் பிடித்துக்கொண்டு கீழே உட்கார்ந்திருந்தான். அவனுடைய லத்தி ஒரு மீன்காரியின் கையில் இருந்தது. தொட்டிக் கொட்டகையின் கதவு வழியே வெள்ளை ஆவி சுருண்டு வந்தது. மூக்கு எரிந்தது. பம்ப்பை நிறுத்திவிட்டிருந்தார்கள். இரண்டாம் நம்பர் தொட்டி பாதிக்கு மேல் நிரம்பி, இன்னும் குமிழியிட்டுக்கொண்டிருந்தது. அதற்குள் ஒரு தேய்ப்பான் கட்டை மிதந்தது.

அஞ்சலாட்சி ஈரத் தரையில் கால் நீட்டி உட்கார்ந்திருந்தாள். புடவையின் கீழ்ப்பகுதி அரித்து நூல் நூலாகியிருந்தது. இரண்டு பாதத்திலும் தோல் வெந்து சுருண்டிருந்தது. விமல்ராஜ் ரப்பர் குழாயைப் பிடித்து அவள் காலில் தண்ணீர் அடித்துக்கொண்டிருந்தான். அவனுடைய இடது கன்னத்தில் நாலு விரல்கள் பதிந்திருந்தன. சுலோசனாவைப் பார்த்ததும் அவன் உதடு கோணியது.

"மாட்டியாச்சின்னு பேப்பர் இருந்துச்சி மேடம்."

"பேப்பர் மேலயா ஆள இறக்கினீங்க? தொறந்து பாக்கக் கூட நேரம் குடுக்காத ஆளு நீங்கதான?" என்றார் சுலோசனா. "தண்ணிய நிறுத்தாதீங்க. ஆம்புலன்ஸ் வர்ற வரைக்கும் அடிங்க."

அவன் தலை குனிந்து அடித்தான்.

"உங்க வூட்டுக்காரு இன்னிக்கே வெளிய வந்துடுவாரு" என்றார் சுலோசனா. "கொன்னவன் கெடச்சிட்டான்."

அஞ்சலாட்சி தலையை ஆட்டினாள். அவள் வேறெங்கோ பார்த்துக்கொண்டிருந்தாள். சுவரோரம் இரண்டு பேர் குந்தியிருந்தார்கள். ஒருவன் வயசாளி. அவன் தொட்டியையே வெறித்துக்கொண்டிருந்தான். மற்றவனுக்கு முழங்காலுக்குக் கீழே பேன்ட் நனைந்து ஆவி பறந்தது. அதையும் யாரோ தண்ணீர் ஊற்றிக் குளிர வைத்துக்கொண்டிருந்தார்கள். ஏணியில் கடைசியாக ஏறியவன் அவன்தான்.

"உன் பேரு என்னா?" என்றாள் அஞ்சலாட்சி.

"விக்ரம்க்கா."

"கால் எரியுதா?"

"கொஞ்சம்."

"டாக்டர் பாத்ததும் வூட்டுக்குப் போ. வண்டி ஓட்டாத, கால் வெந்திருக்குது. யாரையாவது வந்து இட்டுகினு போவச் சொல்லு."

அவன் எழுந்து வந்தான். அவளுடைய வெந்த பாதங்களுக்குப் பக்கத்தில் உட்கார்ந்தான். விமல்ராஜின் கையிலிருந்த ரப்பர் குழாயை வாங்கி, அவள் காலில் தானே தண்ணீர் அடிக்கத் தொடங்கினான்.